அமைவுக் கோப்பில் யார் எழுதுவது?

எழுத்தின் அளவு, மெனுவின் மொழி, குறுக்குவிசைகள் என மென்பொருளில் நாம் மாற்றிக்கொள்வதெல்லாம் எங்காவது பதிவாக வேண்டும். அதற்கெனத் தனிக் கோப்பு வைப்பது பழைய வழக்கம். யூனிக்ஸில் புள்ளியில் தொடங்கும் கோப்புகளும் விண்டோஸ் 3 காலத்து ஐஎன்ஐ கோப்புகளும் அப்படி வந்தவை. விண்டோஸ் 95 வந்தபோது மைக்ரோசாஃப்ட் நிரலாளர்களை ரெஜிஸ்ட்ரி என்ற பொதுக் களஞ்சியத்துக்கு மாறச் சொன்னது. காரணங்கள் நியாயமானவை. அன்றைய ஐஎன்ஐ கோப்புக்கு 64 கிலோபைட் வரம்பு இருந்தது. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால் அவரவர் விருப்பத்தைப் பிரித்து வைப்பதும் கடினம்.

ஆனாலும் தனிக் கோப்பே மேல் என்பேன். அதைத் திறந்து படிக்கலாம், பென்டிரைவில் நகலெடுக்கலாம். மென்பொருள் திறக்க மறுத்தால் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுத் தொடக்க நிலைக்குத் திரும்பலாம். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸின் நிறுவத் தேவையில்லாத வடிவம் அமைவுகளைத் தன் கோப்புறையிலேயே வைத்திருக்கிறது. கோப்புறையை எடுத்துப்போனால் பழகிய திரையும் கூடவே வரும். ரெஜிஸ்ட்ரியில் இவ்வளவு எளிதாக எதையும் பெயர்த்தெடுக்க முடியாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே கோப்பில் பயனரும் எழுதுகிறார், மென்பொருளும் எழுதுகிறது. ஃபயர்பாக்ஸின் ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ் கோப்பைப் பாருங்கள். உலாவி ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் திருத்தினால், மூடும் நேரத்தில் உலாவி தன் கணக்கை மேலெழுதி நம் திருத்தத்தை அழித்துவிடும். கோப்பின் தலையிலேயே இந்த எச்சரிக்கை உண்டு. அதனால்தான் யூசர்.ஜேஎஸ் என்ற இரண்டாவது கோப்புக்கும் இடம் தந்திருக்கிறார்கள். தொடங்கும்போது உலாவி அதைப் படிக்கும்; அதில் எழுதாது. நான் கண்ட பிரிவினைகளில் இது மிக நல்லது. ஆனாலும் ஓட்டை இருக்கிறது. யூசர்.ஜேஎஸ்ஸிலிருந்து ஒரு வரியை நீக்கினாலும், அதன் மதிப்பு ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ்ஸில் தங்கிவிடும். யூசர்.ஜேஎஸ்ஸில் எழுதிய ஒன்றை அமைவுத் திரையில் மாற்றினாலோ, அடுத்த முறை திறக்கும்போது பழைய மதிப்பே திரும்பி வரும். காரணம் தெரியாதவர் தன் கணினியையே சந்தேகிப்பார்.

இதைவிடப் பரவலான குறை, விருப்பமல்லாததையும் அதே கோப்பில் திணிப்பது. சாளரம் எங்கே நின்றது, கடைசியாகத் திறந்த ஆவணம் எது என்பவை வெறும் நிலைக் குறிப்புகள். அவை கலந்த கோப்பை இரண்டு கணினிகளுக்கிடையே பகிர்ந்தால் ஒன்றின் தடயம் மற்றொன்றில் படிந்துகொண்டே இருக்கும். லினக்ஸ் மேசைக்கணினிகளுக்கான எக்ஸ்டிஜி கோப்புறை வரையறை 2003 முதல் இருந்தும், நிலைக் குறிப்புகளுக்கெனத் தனி இடத்தை 2021இல்தான் சேர்த்தது. கடவுச்சொல்லைத் திணிப்பது இன்னும் மோசம். சர்வருக்குக் கோப்புகளை அனுப்பும் மென்பொருளான ஃபைல்ஜில்லா நெடுங்காலம் சர்வர் கடவுச்சொற்களை எவரும் படிக்கக்கூடிய வடிவில் வைத்திருந்தது. அவற்றைப் பூட்டிவைக்கும் முதன்மைக் கடவுச்சொல் வசதி 2017இல்தான் வந்தது.

எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். 2009இல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கு மாறிய லினக்ஸ் பயனர்கள் சிலருக்கு, கணினி திடீரென நின்று மீண்டபோது அமைவுக் கோப்புகள் சுழிய பைட்டுகளாகக் கிடந்தன. பழையதை வெறுமையாக்கிவிட்டு அதன் மேலேயே புதியதை எழுதும் பழக்கம் அப்போது அம்பலமானது. தற்காலிகக் கோப்பில் எழுதி, அது வட்டில் சேர்ந்ததை உறுதிசெய்த பிறகே பெயரை மாற்ற வேண்டும் என்றார் எக்ஸ்ட்4ஐப் பராமரித்த தியடோர் சோ. வழக்கில் இருந்த நிரல்களை எக்ஸ்ட்4 உடைத்தது என்று வாதிட்டவர்களும் உண்டு. சோ சொன்னதே சரி.

தமிழில் எழுதுபவருக்கு ஒரு தனித் தொல்லையும் இருக்கிறது. ஐஎன்ஐ கோப்பில் எழுதுவதற்கான விண்டோஸின் பழைய செயற்கூறு, புதுக் கோப்பை ஆன்சி குறியாக்கத்தில் உருவாக்குகிறது. விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி பக்கமே கிடையாது. ஆகவே தமிழில் பெயரிட்ட கோப்புறையின் பாதையை மென்பொருள் அந்த வழியில் சேமித்தால், வழக்கமாகக் கேள்விக்குறிகளே பதிவாகும். அடுத்த முறை அந்தக் கோப்புறை கிடைக்காது. கோப்பைத் தொடங்கும்போதே யுடிஎஃப்-16 என்ற அடையாளத்தை அதன் முதல் இரண்டு பைட்டுகளில் நிரலாளர் இட்டுவைத்தால், அதே செயற்கூறு தமிழைச் சிதைக்காமல் எழுதும்.