ஊரை யார் கேஸ் எடுப்பது?

சமூகப்பணிப் பட்டயத்துக்கு நான் படித்த வகுப்பில் முதல் பாடம் வரலாறு. 1601ஆம் வருஷத்து இங்கிலாந்து ஏழைகள் சட்டத்தில் ஆரம்பித்து, 1889இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் தொடங்கிய ஹல் ஹவுஸ் வழியாக இந்தியாவுக்கு வந்து சேரும். ராம்மோகன் ராய், விவேகானந்தர், 1905இல் கோகலே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கம், 1911இல் பம்பாயில் என்.எம். ஜோஷி தொடங்கிய சமூக சேவைக் கழகம், காந்தியின் நிர்மாணத் திட்டம். பரீட்சைக்கு இவ்வளவு போதும். 1868இல் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிட்ட பூலே ஒரே வரியில் போனார். பிளேக் நோயாளிகளைச் சுமந்து பணிசெய்து 1897இல் அதே நோயில் இறந்த சாவித்ரிபாய் அந்த ஒரு வரியிலும் இல்லை. 1891இல் நீலகிரியில் மாநாடு கூட்டி உரிமைகள் கேட்டுத் தீர்மானம் போட்ட அயோத்திதாசரைப் பற்றி வாத்தியாருக்கே தெரியாது. நம்மாட்கள் செய்தால் அது சாதிச் சங்க வேலை, அவர்கள் செய்தால் சமூகப்பணி. இந்தப் பிரிவினையில்தான் பாடத்திட்டமே நிற்கிறது.

இந்தியாவில் இந்தப் படிப்பு பட்டயமாகத்தான் பிறந்தது. கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி 1926இல் பம்பாய் நாக்பாடாவில் ஓர் இல்லம் தொடங்கி அக்கம்பக்கத்து ஏழைகளிடம் வேலைசெய்தார். டாட்டா அறக்கட்டளைப் பணத்தில் 1936இல் சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளி அங்கேயே உருவானது. இரண்டு வருஷம் படித்தால் பட்டயம். அந்தப் பள்ளி 1964இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான பிறகே பட்டயம் பட்டமாயிற்று. நம் சென்னையில் சமூகப்பணிப் பள்ளி வந்தது 1952இல்.

பம்பாயில் அந்த 1936இல் இன்னொன்றும் நடந்தது. லாகூரில் பேசவிடாமல் தடுக்கப்பட்ட உரையை அம்பேத்கர் மே மாதம் தானே அச்சிட்டு வெளியிட்டார். பெரியார் அதை 'ஜாதியை ஒழிக்க வழி' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். சாதியை ஒழிக்க வழி சொல்லும் புத்தகமும் ஏழைக்குச் சேவைசெய்யக் கற்றுத்தரும் பள்ளியும் ஒரே நகரத்தில், ஒரே வருஷத்தில். ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று படவேயில்லை. தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நான்கு வருஷம் முன்பே அம்பேத்கர் சமூகப்பணி பற்றியே நேராக எழுதியிருந்தார்.

1932 நவம்பரில், மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குப் போகிற கப்பலில் இருந்து, பிற்பாடு ஹரிஜன சேவக சங்கம் என்று பேர் மாறிய அமைப்பின் செயலாளர் தக்கருக்கு எழுதிய கடிதம் அது. சமூகப்பணிக்கு அதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரிந்து இல்லை. ஒடுக்கப்பட்டவரைக் கைதூக்கிவிட இரண்டு பார்வை உண்டு என்று ஆரம்பிக்கிறார். ஒருவன் கெட்டுப்போனது அவன் நடத்தையால் என்று நினைக்கிறவர்கள் மதுவிலக்கு, உடற்பயிற்சி, கூட்டுறவு, நூலகம் என்று போவார்கள். அவன் வாழ்கிற சூழலே அவனை நசுக்குகிறது என்று நினைக்கிறவர்கள் சூழலோடு மோதுவார்கள். கிணறு, பள்ளிக்கூடம், சாவடி, வண்டி என்று ஒவ்வோர் இடத்திலும் உரிமையை நிலைநாட்டக் கிராமங்களுக்கு ஊழியர் படை போக வேண்டும், அடிதடி வரும், வந்தாலும் போக வேண்டும் என்கிறார். பம்பாய் மில்களில் நெசவுப் பகுதிக்குள் நம்மாட்களை விடவில்லை. ரயில் நிலையப் போர்ட்டர் வேலையும் கிடைக்கவில்லை, ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலைக்கும் போக வேண்டும். இப்படி ஒரு சமூக நோயறிதலை மேரி ரிச்மண்ட் 1917இல் எழுதிய 'சமூக நோயறிதல்' என்ற தடிமனான நூலிலும் நீங்கள் காண முடியாது. அந்தக் கடிதம் கிடைத்தது என்றுகூட யாரும் பதில் போடவில்லை. பல்கலைக்கழகங்களும் இன்னும் போடவில்லை.

என்னோடு படித்த ஒரு தோழியின் களப்பணியைச் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள், ஒரு தொண்டு நிறுவனத்தின் மூலம் ஒரு சேரிக்கு அனுப்பினார்கள். தண்ணீர்ப் பாட்டிலும் தூக்குச் சட்டியும் கட்டிக்கொண்டு போய், கொடுத்த டீயைக் கையில் வாங்காமலே 'நல்லுறவு ஏற்பட்டது' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிய சக மாணவர்களும் அங்கே இருந்தார்கள், அது கிடக்கட்டும். இவளைப் பார்த்ததும் ஒரு கிழவி, "நீ எந்தூரு, யாரு ஊட்டுப் புள்ள?" என்று கேட்டிருக்கிறாள். இவள் மறைக்கவில்லை. "அப்ப நம்ம புள்ளதான், உள்ள வா" என்று சோறு போட்டிருக்கிறாள் கிழவி. நடந்ததை அப்படியே எழுதினாள். மேற்பார்வையாளர் சிவப்பு மையில் போட்ட குறிப்பு: 'தொழில்முறை இடைவெளி இல்லை.'

நிறுவனம் கொடுத்த பிரச்சினை, குழாயடியில் பெண்கள் போடும் சண்டை. குழு அமைத்து, வரிசை ஒழுங்குபண்ணி, விட்டுக்கொடுக்கப் பழக்க வேண்டும், அதாவது குழுப்பணி. இவள் நாலு வாரம் குழாயடியிலேயே உட்கார்ந்து பார்த்தாள். தொட்டி ஊரில் இருக்கிறது. வால்வைத் திருகுகிறவர் ஊர்க்காரர். ஊருக்கெல்லாம் விட்ட பிறகு, கடைசியாகச் சேரிக்கு அரைமணி நேரம். அரைமணி நேரத்தில் நாற்பது வீடு குடம் நிரப்ப வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் முடியைப் பிடிப்பார்கள். 'சண்டை குழாயில் இல்லை, வால்வில் இருக்கிறது' என்று எழுதினாள். "ஏஜென்சிக்கு அரசியல் வேண்டாம்மா, நீ கிளையண்டைப் பாரு" என்றார்கள்.

கிளையண்ட் என்றால் சேரி. கேஸ் எடுப்பது, வீடு வீடாகப் போய்க் குடிக்கிறானா, எத்தனை பிள்ளை, கக்கூஸ் இருக்கா என்று எழுதுவது எல்லாம் சேரிக்குத்தான். வால்வைத் திருகுகிறவரின் மனநிலையை யாராவது கேஸ் எடுத்தார்களா? அவர் வீட்டுக்குப் போய், சேரிக்கு முதலில் தண்ணீர் விட்டால் உங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டு நோட்டில் எழுதச் சொன்னார்களா? நோய் ஊரில், மருந்து சேரிக்கு.

இந்த 'இடைவெளி' எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1957இல் எழுதிய நூலில் தனிநபர் பணிக்கு ஏழு கோட்பாடுகள் சொன்னார். இன்றும் நம் மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். அதில் ஒன்று, கட்டுப்படுத்தப்பட்ட உணர்வு ஈடுபாடு. முன்பின் தெரியாத இருவர் ஓர் அலுவலக அறையில் உட்கார்ந்து பேசும்போது அது நியாயமான பேச்சு. சேரிக்காரப் பெண் சேரிக்குள் போகும்போது அதே கோட்பாடு, உன் சாதியை வாசலில் கழற்றிவிட்டு வா என்ற உத்தரவாகிவிடுகிறது. அம்பேத்கரின் கடிதம் நேர் எதிர்த்திசையில் நிற்கிறது. அன்பு இருக்கிறவரால்தான் இந்தப் பணி ஆகும், ஊழியர்களை ஒடுக்கப்பட்ட வகுப்புகளிலிருந்தே எடுங்கள் என்கிறார். நம்மிலும் சமூக சேவையைக் கடைசிப் புகலிடமாக்கிக்கொண்ட அயோக்கியர்கள் உண்டு என்றும் ஒளிக்காமல் எழுதுகிறார். தொண்டு நிறுவன ஜீப்பில் வந்து இறங்குகிற நம் சொந்தக்காரர்கள் சிலரைப் பார்த்தவர்களுக்கு அது யாரென்று விளங்கும்.

"இந்தப் படிப்பு இல்லேன்னா எனக்கு ஏது சம்பளம்?" என்று கேட்கிற தம்பி தங்கைகளிடம் எனக்குச் சண்டை இல்லை. படியுங்கள். படிப்பை யார் வார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள் என்பதுதான்.

பாடத்திட்டத்தை மாற்ற முடியாது என்பது பொய். பிரிட்டனில் சமூகப்பணிப் பட்டயத்துக்கு 1989இல் போட்ட விதிகள், நிறவெறியை எதிர்கொள்ளக் கற்றுக்கொள்வதை மாணவர்மேல் கட்டாயமாக்கின. 1991இல் திருத்திய பதிப்பு பிரிட்டிஷ் சமூகத்தில் நிறவெறி ஊறிக்கிடக்கிறது என்று அச்சிலேயே ஒத்துக்கொண்டது. 1993இல் பத்திரிகைகள் கொதித்தன, 1995இல் விதிகளைத் தணித்துவிட்டார்கள். தணிக்கவாவது அங்கே ஒரு விதி இருந்தது. சாதியை எதிர்கொள்ளத் தெரியாதவனுக்குப் பட்டயம் கிடையாது என்று இங்கே ஒரு விதி எழுதிப் பார்க்கட்டும், முதலில் எந்த ஆசிரியருக்குப் பட்டயம் மிஞ்சும் என்று பார்ப்போம்.

மும்பையின் அதே நிறுவனத்தில் இந்த நூற்றாண்டில் தலித், பழங்குடி ஆய்வும் செயல்பாடும் என்று தனிப் படிப்பே வந்தது. கேட்டு வாங்கியதுதான், சும்மா வரவில்லை. ஆனால் 2018 பிப்ரவரியில் அங்கே தலித், பழங்குடி மாணவர்களுக்கான விடுதி, உணவுக் கட்டணச் சலுகையை எடுத்தபோது மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வாசலில் உட்கார வேண்டியிருந்தது. துல்ஜாபூர், குவாஹாத்தி, ஐதராபாத் வளாகங்களும் சேர்ந்துகொண்டன. சமுதாய அமைப்பாக்கம் என்ற தாளில் அவர்கள் படித்ததை முதல் தடவையாகச் சொந்த வயிற்றுக்குச் செய்துபார்த்தார்கள். அந்த நாட்களுக்குக் களப்பணி மதிப்பெண் போடலாமே என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் களப்பணிக்கு இடம் ஒதுக்கும்போது மாணவர்கள் ஒன்று கேட்கலாம். எங்களை ஊர்த் தெருவுக்குப் போடுங்கள். வீட்டில் எத்தனை டம்ளர், யாருக்கு எது, கோயில் சாவி யார் கையில், சேரிக்காரனுக்கு நிலம் விற்காமல் இருக்க யார் யார் பேசிவைத்திருக்கிறார்கள், தொட்டி வால்வு எந்த மணிக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நாங்கள் நோட்டுப் போட்டு எழுதிவருகிறோம்.