அடுக்களையும் பாலைவெளியும்
வட அமெரிக்க ஆசியரின் குறும்படங்கள்: ஒரு நோக்கு

ஆசிய நாடுகளிலிருந்து வட அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களைப் பற்றிய குறும்படங்கள் என்றதும், பழைய சம்பிரதாயங்களில் ஊறிய பெற்றோருக்கும் புதிய மண்ணில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் நேரும் பிணக்கே அவற்றின் கதை என்று கருதுவோர் பலர். அந்தப் பிணக்கு இல்லாமலில்லை. ஆயினும் அரை நூற்றாண்டுக் காலப் படங்களை வரிசையாக வைத்து நோக்கினால், பெற்றோர் வாய்விட்டுச் சொல்லாத பழங்கதையே அவற்றின் மெய்யான விஷயம் என்பதும், அந்த மௌனத்தைப் பிள்ளைகள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு படத்தின் தரமும் அமைகிறது என்பதும் புலனாகும்.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1942-இல் பிறப்பித்த ஆணையை அடுத்து, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தார் ஏறக்குறைய 1,20,000 பேர், அவர்களிற் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகளாயிருந்தும், முகாம்களில் அடைக்கப்பட்டனர். சிறு பிராயத்தில் அவ்வாறு அடைபட்டவரும், லாஸ் ஏஞ்சல்ஸில் 1970-இல் தோன்றிய ‘விஷுவல் கம்யூனிகேஷன்ஸ்’ ஸ்தாபனத்தின் நிறுவனர்களில் ஒருவருமான ராபர்ட் நகாமுரா, 1971-இல் எடுத்த ‘மன்சனார்’ என்னும் படத்தில், தாம் வாழ்ந்த முகாம் இருந்த பாலைவெளிக்கே காமிராவோடு திரும்பிச் சென்றார். பெற்றோர் பேசத் தயங்கிய அவமானத்தைப் பிள்ளைகள் பகிரங்கமாக விசாரிக்கத் தொடங்கிய காலம் அது.

அவ்விசாரணையை மிக நுட்பமாக நடத்தியவர் ரியா தாஜிரி. இவருடைய ‘ஹிஸ்டரி அண்டு மெமரி’ (1991) 32 நிமிஷப் படம். அரிசோனாவின் போஸ்டன் முகாமில் இருந்த தாயாருக்கோ அந்நாட்களில் பெரும்பகுதி ஞாபகமில்லை. மகளுக்கோ, தான் பிறப்பதற்கு முன்பே நிகழ்ந்ததாயினும், பாலைவனத்தில் ஒரு குழாயடியில் தாயார் தண்ணீர் பிடிக்கும் காட்சி மட்டும், யார் சொல்லக் கேட்டதென்று தெரியாமலே, மனத்தில் பதிந்திருக்கிறது. அந்தக் காட்சிக்குச் சாட்சியாகப் புகைப்படம் எதுவும் கிடையாது. ஆகவே மகளே அதை நடித்துப் படமாக்குகிறார். அரசாங்கச் செய்திப்படங்களும் ஹாலிவுட் சித்திரங்களும் எதைக் காட்டின, எதை மறைத்தன என்று ஒருபுறம் ஆராய்ந்துகொண்டே, தாயின் மறதியைக் குற்றமாகக் கொள்ளாமல் அவர் தம்மைக் காத்துக்கொண்ட வழியாகவே காண்கிற இப்படத்தில், சரித்திரமும் பாசமும் ஒன்றையொன்று விழுங்கவில்லை. சீனத்திலிருந்து வந்து சான்பிரான்சிஸ்கோவின் ஆடைத் தொழிற்சாலைகளில் தைத்து ஜீவனம் நடத்திய தம் தாயைப் பற்றி ஆர்தர் டாங் 1982-இல் எடுத்த ‘சூயிங் வுமன்’ என்ற 14 நிமிஷப் படமும் இந்த மரபைச் சேர்ந்ததே.

பிக்ஸார் போன்ற பெரிய ஸ்டூடியோ இத்துறையில் புகுந்ததும் களம் வீட்டுக்குள் மாறியது. சஞ்சய் பட்டேலின் ‘சஞ்சய்ஸ் சூப்பர் டீம்’ (2015) படத்தில், தகப்பனார் பூஜை செய்ய, தொலைக்காட்சியிலேயே கண்ணாயிருக்கும் சிறுவன், விஷ்ணுவையும் துர்க்கையையும் அனுமனையும் தன் கார்ட்டூன் வீரர்களின் கோலத்தில் கனாக் காண்கிறான். டோமி ஷியின் ‘பாவ்’ (2018) படத்திலோ, டொராண்டோவில் வாழும் சீனத் தாய் ஒருத்தி பிடித்து வைத்த கொழுக்கட்டை உயிர்பெற்று, வளர்ந்து, வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியை மணக்க விரும்பி வீட்டைவிட்டுப் புறப்படும் தறுவாயில், அந்தத் தாய் அதை எடுத்து விழுங்கிவிடுகிறாள். பாசத்துக்குள் பதுங்கியிருக்கும் உடைமையுணர்ச்சியை, ஒரு வார்த்தையும் பேசாமல், இவ்வளவு துணிவோடு காட்டிய படங்கள் மிகச் சிலவே. 2019-இல் கிடைத்த ஆஸ்கார் விருதுக்கு அது தகுதியுடையதுதான்.

எனினும் இவ்விரு படங்களிலும் பிணக்கு சில நிமிஷங்களில் தீர்ந்து, சமரசம் எளிதில் கைகூடிவிடுகிறது. அந்தத் தாய் ஊரைவிட்டு வந்த காரணம் யாது, அந்தத் தகப்பன் எத்தகைய உழைப்பால் வீட்டை நிலைநிறுத்தினான் என்ற வினாக்கள் எழுவதேயில்லை. உலகமெங்கும் ரசிகர்களை ஈட்டியது பெரிய லாபம். அந்த லாபத்துக்கு ஈடாகக் கைநழுவிப் போனது சரித்திரம்.

ஷான் வாங்கின் ‘நைநை அண்டு வைபோ’ (2023) வீட்டுப் பாசத்தையும் சரித்திரத்தையும் ஓரளவு இணைக்கிறது. கலிபோர்னியாவில் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் உறங்கும் சம்பந்திகளான அவருடைய இரு பாட்டிமார், பேரன் காமிராவைத் திருப்பியதும் ஆடுகிறார்கள், கைம்மல்லுக்கு நிற்கிறார்கள். வறுமையையும் மரணத்தையும் பற்றி அதே இயல்போடு பேசவும் செய்கிறார்கள். கொரோனாக் காலத்தில் ஆசிய முதியோர் அமெரிக்கத் தெருக்களில் தாக்கப்பட்ட நாட்களில் கருக்கொண்ட படம் இது. அந்த வன்முறையை அது உரக்கப் பேசாவிடினும், தன் வீட்டு முதியோரின் ஆனந்தத்தைப் பதிவுசெய்வதையே அதற்கு மறுமொழியாக்குகிறது.

காலம் குறுகியது என்பதால் குறும்படம் சரித்திரத்தைச் சுமக்கவியலாது என்னும் வாதம் பொருந்தாது. ‘மன்சனார்’ 16 நிமிஷத்தில் அதைச் சுமந்து காட்டியிருக்கிறது. அடுக்களைப் பாசத்தை அழகாகச் சொல்லத் தேர்ந்துவிட்ட இன்றைய இயக்குநர்கள், அந்த அடுக்களை அங்கே எப்படி வந்தது என்றும் கேட்கத் துணிவார்களாயின், முன்னோர் பாலைவெளியில் தொடங்கிய விசாரணை மேலும் ஒரு தலைமுறை தொடரும்.