மனுவில் காணாமற்போன பிள்ளை

விவாகரத்தைப் பற்றி நம்மவர் எழுதிய சிறுகதைகளை வாசிக்கும்போது ஒன்று என் கண்ணில் அடிக்கடி படும். தலாக்கோடு கதை முடிந்துவிடும். உம்மா வீட்டு வாசலில் பெட்டியோடு ஒரு பெண், இடுப்பில் அழும் பிள்ளை, அத்தோடு சரி. வாசகர் மனம் கனத்துப் புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாதம் சப்பாத்து வாங்க வேண்டும். அந்தக் காசை யார் தருவது, எவ்வளவு தருவது, தராவிட்டால் யாரிடம் போவது என்பதை நம் எழுத்து அதிகம் தொட்டதில்லை. தாபரிப்பு என்பது தலாக்குக்குப் பிறகு தொடங்கும் கதை.

மற்றவர்களை மட்டும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. இதே குறையை என் எழுத்திலேயே ஒரு தாய் காட்டித் தந்தார்.

கினிகத்தேனையில் மழை விடாத ஒரு ஜூன் மாதம். என்னிடம் படிக்கும் பிள்ளையின் உம்மா வீட்டுக்கு வந்தா. "டீச்சர், நீங்க தமிழ் படிச்ச ஆள். காதியாருக்கு ஒரு காயிதம் எழுதித் தாங்க. பிள்ளைட செலவு கேக்கணும்" என்றா. சிறப்புப் பட்டம் படித்தவள் சும்மா விடுவேனா? இரண்டு பக்கம் எழுதினேன். அபலை, கண்ணீர், கருணைக் கண் என்று சொற்கள் தாமாக வந்து விழுந்தன. வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவ சொன்னா: "எல்லாம் சரி டீச்சர். இதுல எண்ட மகன் எங்க?"

திரும்பப் பார்த்தேன். மகனின் பெயர் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. வயது இல்லை, வகுப்பு இல்லை. இளைப்புக்கு மாதாமாதம் எடுக்கும் மருந்து இல்லை. வாப்பா என்ன தொழில் செய்கிறார் என்பதும் இல்லை. நான் எழுதியது இரக்கம் கேட்கும் மனு. உரிமை கேட்கும் மனுவுக்கு வேறு மொழி வேண்டும்.

அந்த மொழிக்கு நம்மிடம் பழைய முன்மாதிரி உண்டு. அல்குர்ஆனின் 58ஆவது அத்தியாயம் முறையிட்டு வாதாடிய ஒரு பெண்ணால் பெயர் பெற்றது. மனைவியைத் தாய்க்கு ஒப்பிட்டு விலக்கி வைக்கும் ளிஹார் என்ற அறியாமைக் கால வழக்கத்தால் பாதிக்கப்பட்ட கவ்லா (ரழி) நபியவர்களிடம் வந்து முறையிட்டார். பிள்ளைகளைக் கணவரிடம் விட்டால் கவனிப்பாரற்றுப் போவார்கள், தன்னிடம் வைத்தால் பசியில் வாடுவார்கள் என்று அவர் சொன்னதாகத் தப்ஸீர்களில் ஓர் அறிவிப்பு வருகிறது. இலக்கிய மாணவியாக இதை வாசிக்கும்போது வியப்பாக இருக்கிறது. ஓர் அடைமொழிகூட இல்லை. பிள்ளை யாரிடம் இருப்பது, பிள்ளைக்கு யார் செலவழிப்பது என்ற இரு கேள்விகளும் அதற்குள் அடங்கிவிட்டன. பேச்சின் நடுவில் நிற்பது பிள்ளைகள்.

அபூ சுப்யானின் மனைவி ஹிந்த், கணவர் போதிய செலவு தருவதில்லை என்று முறையிட்ட ஹதீஸும் அப்படித்தான். அது விவாகரத்து வழக்கு அல்ல. ஆயினும் அங்கே ஓர் அளவுகோல் கிடைக்கிறது: தாய்க்கும் பிள்ளைக்கும் நியாயமான அளவில் போதுமானது. அல்பகரா 233ஆவது வசனம், பிள்ளையை வைத்துத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் துன்புறுத்தப்படக் கூடாது என்கிறது. "பிள்ளையத் தந்தா செலவு தாறன்" என்று பேரம் பேசும் வாப்பாமார் இந்த வசனத்தை எங்கே வைத்து வாசிக்கிறார்களோ! பிள்ளை தாயின் பொறுப்பில் இருப்பதால் தந்தையின் கடமை குறைந்துவிடாது.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 47ஆம் பிரிவு பிள்ளைத் தாபரிப்பை விசாரிக்கும் அதிகாரத்தைக் காதிக்குத் தருகிறது. எவ்வளவு என்பதற்கு அட்டவணை கிடையாது. வழக்கறிஞர் தோன்றிப் பேச இடமில்லை. ஆகவே அங்கே பெண்ணுக்குத் துணை அவளுடைய வாயும் கையிலிருக்கும் தாளும்தான். அந்தத் தாளில் கண்ணீர் மட்டும் இருந்தால் தீர்ப்பும் தர்மக் காசு போலவே வரும். கட்டளையை வாப்பா மீறினால் காதியார் தாமே பணத்தை அறவிட முடியாது. விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய், அங்கே தண்டப்பணம் போல அறவிடப்பட வேண்டும். இரண்டு இடம், இரண்டு அலைச்சல்.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பொதுத் தாபரிப்புச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். தன்னைத் தானே பராமரிக்க இயலாத 18 முதல் 25 வயது வரையான பிள்ளையையும் அது கருத்தில் கொள்கிறது. சம்பளத்திலிருந்தே கழித்துக் கொடுக்கச் செய்யவும் வழி உண்டு. பல்கலைக்கழகம் போகும் முஸ்லிம் பிள்ளைக்கும் அதே வயிறுதான்.

நம் சட்டத்தைத் திருத்த நீதியரசர் ஸலீம் மர்சூப் தலைமையிலான குழு 2009இல் அமைக்கப்பட்டது. அறிக்கை 2018இல் கையளிக்கப்பட்டது. அந்த 2009இல் பிறந்த பிள்ளை அதற்குள் நாலாம் வகுப்புக்கு வந்திருக்கும். அறிக்கையைச் சுற்றி நான் கேட்ட பேச்செல்லாம் திருமண வயது, பலதாரம், பெண் காதி என்றே சூடாக ஓடியது. அவை பேச வேண்டியவையே. ஆனால் மாதக் காசு ஒழுங்காக வந்து சேரும் வழியைப் பற்றி யாரும் குரலை உயர்த்தி நான் கேட்கவில்லை.

அந்த மனுவை நாங்கள் இருவரும் திரும்ப எழுதினோம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், மருந்துச் சிட்டை, கொப்பி, வேன் காசு, பால்மா, வாப்பாவின் கடை வருமானம் பற்றித் தெரிந்தது என ஒரே பக்கம். எழுத்தழகு குறைவு. மகன் அதில் இருந்தான்.

இப்போது வகுப்பில் கடிதம் எழுதப் பழக்கும்போது 'தாழ்மையுடன் வேண்டி நிற்கிறேன்' என்ற வரியை நான் கட்டாயப்படுத்துவதில்லை. யாருக்கு, என்ன, எவ்வளவு, எப்போதிருந்து என்று முதலில் எழுதுங்கள் பிள்ளைகளே என்கிறேன். நம் சிறுகதை ஆசிரியர்களிடமும் எனக்கு அதே வேண்டுகோள்தான். தலாக்கோடு நிறுத்தாமல், அடுத்த மாதம் ஐந்தாம் திகதி வரை கதையைக் கொண்டுபோங்கள்.