விண்மீன் அட்டவணைகளும் நமது புகழுரைகளும்

சேலம், நாமக்கல் சமவெளியின் மீலாது மேடைகளிலும் ஆண்டு மலர்களிலும் முஸ்லிம் வானியலைப் பற்றிப் பேசுவோர் அப்துர் ரஹ்மான் ஸூஃபியை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்களைத் தாமே அளந்தவர் என்று போற்றுவதுண்டு. அவருடைய நூலைப் படியாமல் எழுந்த புகழ்ச்சி இது.

கி.பி. 964இல் (ஹி. 353) அவர் இயற்றிய ‘ஸுவருல் கவாகிபிஸ் ஸாபிதா’வில் உள்ள இருப்பிடங்கள் தாலமியின் அட்டவணையிலிருந்து பெறப்பட்டவை. இடைப்பட்ட எட்டு நூற்றாண்டுகளின் அயனச் சலனத்தை ஈடுசெய்ய, ஒவ்வொரு நெட்டாங்கோடும் 12 பாகை 42 கலையைக் கூட்டினார். அவர் புதிதாகச் செய்தது வேறு: விண்மீன்களைத் தம் கண்ணால் நோக்கி, அவற்றின் ஒளித்தரங்களை மறுமதிப்பீடு செய்தார். வானை நேரில் நோக்காது நூல்களை மட்டும் நம்பிய முன்னோரை அவரே கண்டித்துமிருக்கிறார்.

இவ்வேறுபாடு சிறிதன்று. எல்லாவற்றோடும் ஒரே எண்ணைக் கூட்டினால், தனியொரு விண்மீனின் அசைவு புலப்படாது. 1718இல் ஹாலி, அரபியர் ‘ஷிஃரா’ என்றழைத்த சிரியஸ் முதலிய சிலவற்றின் இடங்களைப் பண்டைய அளவைகளோடு ஒப்பிட்டார். அவை இடம் பெயர்ந்திருந்தன. ‘ஸாபிதா’, அதாவது நிலைத்தவை, என்னும் பெயர் பொருந்தாது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

ஆகவே மறு அளவையே இக்கலையின் உயிர். சமர்கந்தில் உலுக் பேக் 1437இல் முடித்த அட்டவணையில் ஏறத்தாழ ஆயிரம் விண்மீன்கள் புதிதாக அளக்கப்பட்டன. அங்கிருந்து காணவியலாத 27 தென்திசை விண்மீன்கள் மட்டும் ஸூஃபியிடமிருந்து பெறப்பட்டன. நம் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் டெய்லர் 1830 முதல் 1843 வரை நோக்கி, 11,015 விண்மீன்களின் அட்டவணையை 1844இல் வெளியிட்டார். காற்றின் நடுக்கம் எட்டாத விண்வெளிக்கு 1989இல் சென்ற ஹிப்பார்கோஸ் 1,18,218 விண்மீன்களை அளந்தது. 2013இல் ஏவப்பட்ட காயா 2025 ஜனவரியில் தன் நோக்குதலை நிறைவு செய்தது. அதன் 2022ஆம் ஆண்டு வெளியீட்டில் சுமார் 180 கோடி ஒளிமூலங்கள் உள்ளன. அவற்றுள் சுமார் 146 கோடிக்குத் தொலைவுக்கான கோணமும் இயக்கமும் தரப்பட்டுள்ளன. ஒரே விண்மீனை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நோக்கியதாலேயே இது கைகூடிற்று.

நேரில் கேட்டது எது, பிறர் வழி வந்தது எது எனப் பிரித்தறிவது ஹதீஸ் கலையின் முதற்பாடம். மதரஸாவில் அதைக் கற்பிக்கும் நாம், நம் அறிவியல் வரலாற்றை எழுதும்போது மட்டும் அதனைக் கைவிடலாகாது. ஸூஃபி செய்யாததை அவர்மீது ஏற்றிக் கூறுவதால் அவர் உண்மையாகச் செய்ததுதான் மறைகிறது.