நூல் ஆய்வு: உதவ வந்தவரும் ஒரு கட்சியாதல்

மணமுறிவுக்குப் பின் பிள்ளை எவரிடம் வளரவேண்டும் என்னும் வினாவுக்கு ஒரே விதியால் விடைகாண முயன்றோர் பலர். 1973-இல் ஜோசப் கோல்ட்ஸ்டைன், அன்னா பிராய்டு, ஆல்பர்ட் சோல்னிட் ஆகிய மூவரும் எழுதிய 'பியாண்ட் த பெஸ்ட் இன்டரெஸ்ட்ஸ் ஆஃப் த சைல்ட்' என்னும் நூல் அவ்வகையில் புகழ்பெற்றது. பிள்ளையின் உள்ளத்தில் பெற்றோராய் நிலைத்திருப்பவரிடமே பொறுப்பு முழுவதையும் ஒப்படைக்க வேண்டும். மற்றவர் வந்து பார்ப்பதும் அவருடைய விருப்பத்தைப் பொறுத்ததே என்றது அந்நூல். கலிபோர்னியா மாநிலமோ 1980-இல் எதிர்த்திசையில் சென்று, தாய் தந்தை இருவரும் கூட்டாகப் பொறுப்பேற்பதைச் சட்டத்தால் ஊக்குவித்தது. இத்தகைய வழக்குகள் நீதிபதிமுன் போகுமுன்னர் சமரசப் பேச்சுக்குப் போகவேண்டும் என 1981 முதல் விதித்தது. பலர் அதனால் பயனடைந்தனர். எவ்வகை ஏற்பாட்டுக்கும் அடங்காமல் ஆண்டுக்கணக்கில் போராடிய சிலர் எஞ்சினர். அச்சிலரைப் பற்றியதே ஜேனட் ஜான்ஸ்டன், லிண்டா காம்பெல் என்னும் இருவர் 1988-இல் வெளியிட்ட 'இம்பாசஸ் ஆஃப் டிவோர்ஸ்'. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் போதகர் மேசையில் இருக்கத்தக்க நூல் இது.

போராட்டம் மூன்று தளங்களில் இறுகிக்கிடக்கிறது என்பது ஆசிரியர்களின் கொள்கை. ஒன்று ஒவ்வொருவருடைய உள்ளத்தில். மற்றொன்று இருவருக்கும் இடையிலான உறவில். மூன்றாவது அவர்களைச் சூழ்ந்துள்ள சமுதாயத்தில். முதலிரண்டும் மனநூல் கற்றார் அறிந்தவையே. புறக்கணிக்கப்பட்டோம் என்னும் அவமானத்தைத் தாங்கவொண்ணாதவர் அதனைக் கோபமாக மாற்றிக்கொள்கின்றனர். பிரிவு நேர்ந்த நாளின் கொடுமையை வைத்தே மற்றவருடைய வாழ்நாள் முழுவதையும் திருத்தி எழுதிவிடுகின்றனர்; ஒருகாலத்தில் அன்பு செய்தவர் தொடக்கமுதலே வஞ்சகராய்க் காட்சியளிக்கிறார்.

நம்மைத் தொடுவது மூன்றாவது தளம். பாட்டன் பாட்டியர், உடன்பிறந்தார், புதிய துணைவர், வழக்கறிஞர், ஆற்றுப்படுத்துநர் ஆகிய அனைவரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து, இருவருடைய பிணக்கைக் குலச்சண்டையாக வளர்த்துவிடுவதை ஆசிரியர்கள் விரித்துரைக்கின்றனர். ஒருவர் கூறியதை மட்டும் கேட்ட உதவியாளர், கேட்டதையே கண்டதாகக் கொண்டு கடிதம் எழுதுகிறார். அக்கடிதம் வழக்குக்கட்டில் சேர்கிறது. மறுபக்கத்தார் தமக்கும் ஒரு நிபுணரைத் தேடுகின்றனர். நூலாசிரியர்கள் தம் தொழிலாரையே இவ்வாறு குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருப்பது பாராட்டுக்குரியது. போதகர்களாகிய நாமும் அக்கூண்டுக்கு வெளியே நிற்பவர் அல்லர். அழுதுகொண்டு முதலில் வந்தவருடன் முழந்தாளிட்டு ஜெபிக்கிறோம். அன்றே நாம் எப்பக்கம் என்பது சேகரம் முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. மற்றவர் அடுத்த சபைக்குப் போய்விடுகிறார். பின்னர் எவருடைய உறவினர் குழுவில் மிகுதியோ அவர் பக்கம் சேகரக் குழுவும் சாய்கிறது. சுதந்தரத்தைப் பங்கிடக் கேட்டவனுக்கு நம் ஆண்டவர் நடுவராக இருக்க மறுத்த செய்தியை (லூக்கா 12) பேராசையைப் பற்றிய பிரசங்கத்துக்கு மட்டுமே நாம் பயன்படுத்துகிறோம். அம்மறுப்பு எத்துணை அரிய ஆற்றுப்படுத்தும் செயல் என்பதை இந்நூலைப் படித்தபின் உணரலாம்.

பிள்ளைகளைப் பற்றிய பகுதி நூலின் உயிர்நிலை. இளம்பிள்ளை தாயிடம் இருக்கையில் தாய்க்கு ஏற்பவும் தந்தையிடம் இருக்கையில் தந்தைக்கு ஏற்பவும் பேசுகிறது. இருவரும் அச்சொல்லைச் சான்றாக எடுத்துக்கொண்டு நம்மிடம் வருகின்றனர். பிள்ளை பொய் சொல்லவில்லை. தான் நிற்கும் தரை நழுவாதபடி பார்த்துக்கொள்கிறது. ஏழெட்டு வயதில் இருவருக்கும் உண்மையாயிருக்க முயன்று வேதனைப்படுகிறது. ஒன்பது, பத்து வயதைக் கடந்தபின் ஒரு பக்கம் உறுதியாகச் சேர்ந்து மற்றவரை வெறுப்பதும் உண்டு. வேதனையினின்று தப்ப அது கண்ட வழி அதுவே. ஒரு வீட்டினின்று மறு வீட்டுக்கு ஒப்படைக்கப்படும் வேளையில் வரும் வயிற்றுவலியையும் அழுகையையும் 'அங்கே ஏதோ நடந்திருக்கிறது' என்பதற்கான ஆதாரமாக உடனே கொள்ளலாகாது. பகைவரிடையே எல்லைகடக்கும் அச்சமாகவும் அது இருக்கக்கூடும். கடும்பகை நிலவும் குடும்பங்களில் அடிக்கடி வீடு மாறுவது பிள்ளைக்கு நன்மையைக் காட்டிலும் தீங்கே செய்யலாம் என ஜான்ஸ்டனும் உடனாய்வாளரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. கூட்டுப்பொறுப்பே எவர்க்கும் மருந்து என்றிருந்த நம்பிக்கையை அது அசைத்தது.

நூலில் குறை இல்லாமலில்லை. சினம் அனைத்தையும் காயத்தின் வெளிப்பாடாகவே காண்பதால், நியாயமான சினத்துக்கு இதில் இடம் சுருங்கிவிடுகிறது. அடிபட்ட மனைவியின் அச்சமும் அடித்த கணவனின் மனக்குறையும் ஒரே முட்டுக்கட்டையின் இரு முனைகளாகத் தோன்றக்கூடிய ஆபத்து இந்த அணுகுமுறையில் உண்டு. பின்னர் 1993-இல் இவ்விருவரே குடும்ப வன்முறையின் வகைகளைப் பிரித்தறிந்து எழுதினர் என்பது குறிப்பிடத்தக்கது. தீர்க்கதரிசிகளைப் படித்த நாம் அவ்வேறுபாட்டை 1988-இலேயே அவர்களிடம் எதிர்பார்த்திருப்போம். பாவம் என்னும் சொல்லை மனநூல் கைவிட்டதன் விலை இது.

ஆயினும் நூலின் நோக்கம் சிறிதாயிருப்பதை நான் குறையென்னேன். பிரிந்தவரை மீண்டும் சேர்த்துவைக்க ஆசிரியர்கள் முயலவில்லை. பேரம் பேசுமுன் பெற்றோரைத் தனித்தனியே சந்தித்து, பிள்ளையையும் சந்தித்து, அதன் தேவையை இருவர்க்கும் விளக்கி, பின்னரே உடன்பாட்டுக்கு அழைக்கின்றனர். ஒப்புரவாக்கும் ஊழியத்தின்மேல் நமக்குள்ள ஆர்வம், சேராத இருவரைச் சேர்க்கும் முயற்சியில் பிள்ளையை மறந்துவிடுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

இம்முறை நம் நாட்டுக்கு அப்படியே பொருந்துமா? 1869-ஆம் ஆண்டு இந்திய மணமுறிவுச் சட்டம் 2001-இல் திருத்தப்படும்வரை, கிறிஸ்தவ மனைவிக்குக் கணவனின் விபசாரம் மட்டும் காரணமாகப் போதவில்லை. கொடுமையையோ கைவிடுதலையோ அதனுடன் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இருவரும் இசைந்து பிரிய வழியே இருக்கவில்லை. குற்றம் சுமத்துதலைச் சட்டமே கட்டாயமாக்கிற்று. சட்டம் மாறினும் அப்பழக்கம் நம் குடும்பங்களை விட்டு நீங்கவில்லை. 1984-ஆம் ஆண்டுக் குடும்பநீதிமன்றச் சட்டம் முதலில் உடன்பாட்டுக்கு முயலும்படி நீதிபதியைப் பணிக்கிறது. குடும்பநலம் அறிந்தோரின் துணையைப் பெறவும் இடமளிக்கிறது.

இடர்ப்பாடு வேறொன்று. ஆசிரியர்களின் முறை இரகசியக் காப்பின்மேல் நிற்கிறது. பிள்ளை சொன்னது நீதிமன்றத்துக்குப் போகாது என்னும் உறுதி அதற்கு வேண்டும். 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் வழக்கறிஞர்க்களித்த காப்பினைப் போதகர்க்கு அளிக்கவில்லை. 2024 ஜூலையில் அதனிடத்தில் வந்த சட்டமும் அளிக்கவில்லை. ஆகவே கேட்டதை வெளியிடேன் எனப் பிள்ளைக்கு வாக்களிக்கும் போதகர், சாட்சிக் கூண்டுக்கு அழைக்கப்படின் அவ்வாக்கை எங்ஙனம் காப்பார்? பெற்றோர் இருவரிடமும் முன்னதாகவே எழுத்துமூலம் இசைவு பெறுதல், எவர்க்கும் நற்சான்றுக் கடிதம் தருவதில்லை என்னும் முடிவைச் சேகரக் குழுவிலேயே நிறைவேற்றுதல், பிள்ளையைச் சந்திப்பவர் வேறு பெற்றோரைச் சந்திப்பவர் வேறு என வகுத்தல் ஆகியவை நம் பேராயங்கள் ஆராயவேண்டியவை. முதலிரண்டுக்கும் பணச்செலவு இல்லை. மூன்றாவதற்குப் பயிற்சி பெற்ற ஒருவராவது ஒவ்வொரு வட்டாரத்திலும் வேண்டும்.