கொடுப்பனவுக் கணக்கை மாற்றும் ஒரு கட்டளை: கூகிள் கிளவுட் பில்லிங் ஏபிஐ பற்றிய மதிப்பீடு

வலிகாமத்துப் பண்டத்தரிப்பில் இருந்தபடி, ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வணிகம் நடத்தும் ஊரவர் ஒருவருக்குச் செயலி ஆக்கித்தரும் மென்பொருளாளர், வேலை நடக்கும் காலத்தில் மேகக்கணிமைக் கட்டணத்தைத் தம் வங்கி அட்டையிலேயே செலுத்தி வந்து, ஒப்படைக்கும் நாளில் அந்தப் பொறுப்பை வாடிக்கையாளரின் கணக்குக்கு மாற்றிக்கொடுக்க வேண்டியவராகிறார். மேகக்கணிமை என்பது கணினியையும் சேமிப்பிடத்தையும் இணையத்தின் வழியே வாடகைக்குப் பெறும் முறை. அதன் விலைகள் பெரும்பாலும் அமெரிக்க டொலரில் குறிக்கப்படுகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்து, அதே ஆண்டு மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்ததை எண்ணிப் பார்த்தால், இந்த மாற்றத்தைப் பிழையின்றியும் காலத்தோடும் செய்வது இலங்கைத் தொழிலாளிக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பது விளங்கும்.

கூகிளின் மேகச் சேவையில் பயன்பாடும் கொடுப்பனவும் வேறுவேறாக வைக்கப்பட்டுள்ளன. தரவுத்தளம், சேவையகம், கோப்புக் களஞ்சியம் முதலியவை அடங்கிய தொகுதி செயற்றிட்டம் எனப்படுகிறது. அதன் செலவை ஏற்பது கொடுப்பனவுக் கணக்கு. ஒரு கணக்கு பல செயற்றிட்டங்களின் செலவை ஏற்கலாம் எனினும், ஒரு செயற்றிட்டம் ஒரு நேரத்தில் ஒரு கணக்கோடு மட்டுமே இணைந்திருக்கும். இந்த இணைப்பை மாற்றும் வேலையைத் திரையில் சொடுக்கியும் செய்யலாம். ஒரு நிரலே வலைவழிக் கட்டளையாக அனுப்பியும் செய்யலாம். நிரலுக்கும் நிரலுக்கும் இடையிலான இத்தகைய தொடர்பு வழியே ஏபிஐ ஆகும். இங்கு மதிப்பிடப்படுவது கூகிள் கிளவுட் பில்லிங் ஏபிஐயின் ‘அப்டேட் பில்லிங் இன்ஃபோ’ என்னும் கட்டளை.

கட்டளையின் அமைப்பு பாராட்டத்தக்க அளவுக்கு எளிமையானது. செயற்றிட்டத்தின் பெயரைத் தாங்கிய முகவரிக்கு, ஆறு ஆறு எழுத்துகளாக மூன்று கூறுகளில் எழுதப்படும் புதிய கணக்கு எண்ணை ஒரே புலத்தில் இட்டு அனுப்பினால் போதும். இது ‘புட்’ வகைக் கட்டளை, அதாவது ஒரே செய்தியை மீண்டும் அனுப்பினாலும் விளைவு மாறாத வகை. ஆகையால் இணைப்பு இடையில் அறுந்து, முதல் முயற்சி சென்றதா இல்லையா என்று தெரியாதபோது, அச்சமின்றி மறுபடியும் அனுப்பலாம். திரும்பி வரும் விடையில் ‘பில்லிங் எனேபிள்ட்’ என்றொரு புலம் இருக்கும். அதனைப் பயனர் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும். இணைந்த கணக்கு திறந்த நிலையில் இருந்தால்தான் அது ‘ஆம்’ எனக் காட்டும். மூடப்பட்ட கணக்கு ஒன்றோடு இணைத்தால், விளைவு கொடுப்பனவை நிறுத்தியதற்குச் சமமாகி, கட்டணச் சேவைகள் நின்றுவிடும் என்று கூகிளின் ஆவணம் எச்சரிப்பதால், கட்டளை பிழைச்செய்தி இல்லாமல் முடிந்தது என்பதோடு அமையாமல் அப்புலத்தையும் படித்து உறுதிசெய்வது கட்டாயம்.

உரிமைகள் பற்றிய பகுதியில்தான் ஆவணம் தடுமாறுகிறது. கட்டளையின் விளக்கப் பக்கம், செயற்றிட்டம், கணக்கு ஆகிய இரண்டின் மீதும் உரிமையாளர் நிலை தேவை என்று பொதுப்படக் கூறுகிறது. அணுக்க உரிமை பற்றிய வேறொரு வழிகாட்டியோ, செயற்றிட்டத்தில் ‘புரொஜெக்ட் பில்லிங் மனேஜர்’ என்ற பொறுப்பும் கணக்கில் ‘பில்லிங் அக்கவுண்ட் யூசர்’ என்ற பொறுப்பும் போதுமென விளக்குகிறது. முதற்பக்கத்தை மட்டும் படிப்பவர், தேவைக்கு மிஞ்சிய அதிகாரத்தை மற்றவர் கையில் கொடுத்துவிடக்கூடும். வாடிக்கையாளர் தம் கணக்கின் முழு உரிமையையும் ஆக்குநருக்குத் தரவேண்டியதில்லை. இணைப்பதற்கு மட்டும் பயன்படும் சிறு பொறுப்பைத் தந்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறலாம். ஒரு கணக்கில் இணைக்கக்கூடிய செயற்றிட்டங்களுக்கு வரம்பு இருப்பதும், அதை மீறினால் கட்டளை மறுக்கப்படுவதும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவை.

கணக்கு மாறும் தருணத்தில் பணம் எவர் தலையில் விழும் என்பதை ஆவணம் மறைக்கவில்லை. அதுவே அதன் சிறந்த பகுதி. பழைய கணக்கின் பரிவர்த்தனை வரலாற்றில் இன்னும் பதிவாகாத செலவு, மாற்றத்துக்கு முன் நிகழ்ந்ததாயினும், புதிய கணக்கில் ஏறக்கூடும். ஆகவே ஆக்குநரின் சோதனைச் செலவு ரொறன்ரோ வாடிக்கையாளரின் பட்டியலில் தோன்றுவது தொழில்நுட்பப் பிழை அன்று. எவ்வளவு வரை எவர் ஏற்பது என்று இருவரும் எழுத்தில் உடன்பட்ட பின்னரே கட்டளையை இயக்குவது நம்பிக்கையைக் காக்கும்.

வடிவமைப்பின் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. கணக்கு எண்ணுக்குரிய அதே புலத்தை வெறுமையாக அனுப்பினால், செயற்றிட்டம் எந்தக் கணக்கோடும் சேராமல் துண்டிக்கப்பட்டு, கட்டணச் சேவைகள் அனைத்தும் நின்றுவிடும். நிரலில் ஒரு மாறி தவறுதலாக நிரப்பப்படாமல் போனால், மாற்றுவதற்கென்று எழுதிய கட்டளை நிறுத்தும் கட்டளையாகிவிடும். கூகிளின் ‘ஜிகிளவுட்’ என்னும் கட்டளைவரிக் கருவியில் இணைத்தலும் துண்டித்தலும் இரண்டு தனித்தனிச் சொற்களாகவே பிரிக்கப்பட்டுள்ளன. அந்த முன்னெச்சரிக்கை ஏபிஐயிலும் இருந்திருக்க வேண்டும். மைக்ரோசொஃப்ட் அசூரில் கொடுப்பனவு உரிமையை மாற்றும்போது பெறுபவர் கோரிக்கையை ஏற்றுக்கொண்டால்தான் மாற்றம் நிறைவேறும் என்பதோடு ஒப்பிட, இங்கே உரிமை உள்ள ஒருவரின் ஒற்றைச் செய்தியே முடிவாகிறது.

வரவுசெலவு வரம்பை எட்டியவுடன் இந்தத் துண்டிப்பை நிரலே நடத்துமாறு அமைக்கும் வழியையும் கூகிள் விளக்கியுள்ளது. வரம்பு அறிவிப்பு தானாகச் செலவைத் தடுப்பதில்லை என்பதால், சிறு முதலீட்டில் இயங்குவோருக்கு இது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் செலவு நிகழ்வதற்கும் அறிவிப்பு வருவதற்கும் இடையே தாமதம் உண்டு. துண்டிக்கப்பட்ட செயற்றிட்டத்தின் வளங்கள் மீட்க முடியாதவாறு அழியவும் கூடும்.

கணக்கு கைமாறும் ஒப்படைப்பு வேலைக்கும், பல செயற்றிட்டங்களை ஒருங்கே இடம்மாற்றும் வேலைக்கும் இக்கருவி தயக்கமின்றிப் பரிந்துரைக்கத் தக்கது. இதனைப் பயன்படுத்துவோர், கணக்கு எண் வெறுமையாக உள்ளதா என்று சோதிக்கும் ஒரு வரியை நிரலில் முதலில் எழுதுக. தானியங்கித் துண்டிப்பைச் சோதனைச் செயற்றிட்டத்துக்கு வெளியே, உண்மைத் தரவு உள்ள எதிலும் பொருத்தாதிருக்க.