இரண்டு ஆள் சோறு தின்றவர்

ஜான் சீசரின் வாழ்க்கையை நமக்கு எழுதிவைத்தவர் டேவிட் காலின்ஸ். நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் குற்றவியல் நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தவர் அவர்தான். 1798இல் வெளிவந்த குடியேற்ற வரலாற்றை எழுதியவரும் அவர்தான். தண்டனை கொடுத்த கையே சரித்திரமும் எழுதியது. அந்தப் பக்கங்களை இதை மனசில் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன்.

சீசர் கறுப்பர். லண்டனை ஒட்டிய டெப்ட்ஃபோர்டில் வேலைக்காரர். 12 பவுண்டு திருடினார் என்று 1786 மார்ச்சில் ஏழாண்டு நாடு கடத்தல் தண்டனை. 'அலெக்சாண்டர்' கப்பலில் ஏற்றி, 1788 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கொண்டுபோய் இறக்கினார்கள். (இங்கிலீஷில் தொல்லையில்லை. தமிழில் எழுதும்போது அவனா, அவரா என்று முடிவு பண்ணியாக வேண்டும். நான் அவர் என்றே எழுதுகிறேன்.)

குடியேற்றத்திலேயே கடுமையாக உழைக்கிற கைதி இவர்தான் என்கிறார் காலின்ஸ். கூடவே, புத்தியில் மிருகத்துக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசமில்லை என்கிறார். இரண்டு நாள் ரேஷனை ஒரே நாளில் தின்றுவிடுவாராம். திருடியதெல்லாம் அந்த வயிற்றுக்காகத்தான் என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். அப்புறமும் குற்றவாளி வயிறுதான், அளந்து போட்ட ரேஷன் இல்லை.

அறுப்புக்குப் போன என் அப்பாவைப் பற்றிப் பண்ணையார் சொன்னதும் இந்த ரெண்டு வாக்கியந்தான்: "மாடாட்டம் உழைப்பான். ஆனா சோறு போட்டுக் கட்டுபடியாகாது." உழைக்கும்போது மாடு என்பது பாராட்டு, தின்னும்போது அதுவே வசவு.

1789இல் மறுபடி திருட்டு, ஆயுள் தண்டனை. ஒரு துப்பாக்கியும் இரும்புச் சட்டியும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார். சட்டியைக் கவனியுங்கள். ஆக்கித் தின்ன நினைத்த 'மிருகம்' இது! பிடிபட்டபோது, தூக்கிலிட்டாலும் தூக்குப் போடுகிறவரிடம் ஏதாவது வேடிக்கை பண்ணி எல்லாரையும் சிரிக்க வைப்பேன் என்றாராம். இப்படிப்பட்ட விலங்கைக் கொன்று யாருக்குப் பாடம் என்பது காலின்ஸின் முடிவு. விலங்கு பூட்டிக் கார்டன் தீவில் வேலைக்கு விட்டார்கள். தூக்குமேடையின் மரியாதையைக் கெடுக்கிற சிரிப்பு அது. நீதிபதிக்கு அது விளங்காமலா இருந்திருக்கும்?

மறுபடி தப்பினார், ஆதிவாசிகளின் ஈட்டிக் காயங்களோடு 1790இல் திரும்பி வந்தார். நார்ஃபோக் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே துண்டு நிலம், ஒரு பன்றி. ஆன் பூருக்கும் இவருக்கும் 1792 மார்ச்சில் மேரி ஆன் என்று ஒரு பெண் குழந்தை. மிருகம் என்ற சொல்லில் இதெல்லாம் எங்கே அடங்கும்? 1793இல் இவரைப் போர்ட் ஜாக்சனுக்குத் திருப்பிக் கொண்டுவந்தபோது தாயும் பிள்ளையும் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

இவரைப் புரட்சிக்காரர் ஆக்கிவிட நம்மில் சிலருக்குக் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. ஆனால் 1795 கடைசியில், வெள்ளையரை எதிர்த்துத் தன் மண்ணுக்காகப் போராடிய ஆதிவாசி வீரர் பெமுல்வுயைப் படுகாயப்படுத்தியவரும் இதே சீசர்தான். மிதிபட்டவர் கை இன்னொரு மிதிபட்டவர் மேலேயே விழுந்திருக்கிறது. இதை மறைத்தால் நாமும் இன்னொரு காலின்ஸ்தான்.

அந்த டிசம்பரிலேயே கடைசியாக ஓடினார். 1796 ஜனவரியில் ஆளுநர் ஹன்டர் தலைக்கு விலை வைத்தார்: ஐந்து காலன் சாராயம். பிப்ரவரி 15 அன்று லிபர்ட்டி பிளெய்ன்ஸில் சுட்டுக் கொன்றார்கள். சாவுச் செய்தியிலும் காலின்ஸ் மிருகக் கணக்கை விடவில்லை. அதற்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான் என்று எழுதி முடித்திருக்கிறார்.